இடப்பக்கத்தில் எழுதிய பெயர்

பியே
மே 14

அன்பு மகள் யமினுக்கு அப்பா எழுதுவது.

புத்தர் முதலான மும்மணிகளின் கருணையால் நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அந்தக் கருணை கடல் தாண்டி ஒசாகாவுக்கும் வந்து, நீ சளி இருமல் இல்லாமல், வயசானவர்களைத் தூக்கித் தூக்கி முதுகு பிடித்துக்கொள்ளாமல், வேலை முடிந்து வந்ததும் நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும் என்று தினமும் விளக்கேற்றிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை எதிர்வீட்டு டோ சான் அம்மாளின் மகள் கையில் கொடுத்தனுப்புகிறேன், ஜப்பான் மொழி படிக்க அங்கே வருகிறாளே அவள்தான். கூடவே ஒரு டப்பா ஊறவைத்த தேயிலையும், அதில் கலந்துகொள்ள வறுத்த பயறு, பூண்டு, எள் தனிப் பொட்டலமாகவும் வைத்திருக்கிறேன். பொட்டலம் கொஞ்சம் இளைத்து வந்தால் அவளை ஒன்றும் கேட்காதே, அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் சும்மா இருக்காது. இங்கே மழை இன்னும் இறங்கவில்லை, மத்தியானம் தெருவில் நாய்கூட நடமாடுவதில்லை. கூரையில் ஒழுகின இடத்தைத் தகரம் போட்டு அடைத்துவிட்டேன், நானேதான் ஏறினேன், திட்டாதே, பக்கத்துவீட்டு ஆள் ஏணியைப் பிடித்துக்கொண்டான். நம் மாமரம் இந்த வருஷம் தலை தாங்காமல் காய்த்திருக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று நீ நினைப்பாய். போனில் நான் பேச்சை ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று ஓடிவிடுகிறாய். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படி ஓட முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

சனவரியில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்கு நீ போனில் முகம் காட்டிப் பேசினாய். அம்மா உன்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பி, "யாருங்க இந்தப் பொண்ணு? முடி நல்லா வெட்டியிருக்கு" என்றாள். நீ "அம்மா, நான் யாருன்னு தெரியலையா? நல்லாப் பாரும்மா, நான் யாரு?" என்று கேட்டாய். மூன்று முறை கேட்டாய். மூன்றாவது முறை அவள் பயந்துபோய் என் தோளுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். நான் செய்ததும் எனக்கு மறக்கவில்லை. "உன் வயித்துல பொறந்தவளைத் தெரியலையாடி உனக்கு?" என்று உன் கண் முன்னாலேயே கத்தினேன். நீ அழுதுகொண்டே போனை வைத்தாய். மறுநாள் எனக்கு எழுதி அனுப்பினாய், "அப்பா, என் அம்மா போயிட்டாங்க, அங்க இருக்கிறது அவங்க உடம்பு மட்டும்தான், எனக்கு அதைப் பாக்கத் தெம்பு இல்ல" என்று. அதற்குப் பிறகு நாலு மாதமாக மருந்து அனுப்புகிறாய், சட்டை அனுப்புகிறாய், இரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின்கூட அனுப்பினாய். அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை மகளே. நீ எழுதியதைப் படித்தபோது எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அது சரியில்லை என்பது நான் ஒரு பெரிய அசட்டுத்தனம் செய்த பிறகுதான் உறைத்தது. ஊர் முழுக்கத் தெரிந்த கதை, உனக்கு மட்டும் தெரியாமல் இருப்பானேன்.

நீர்த் திருவிழாவுக்கு உன் அம்மா ஒவ்வொரு வருஷமும் தியான மடத்துக்குப் போய் ஐந்து நாள் உட்கார்ந்துவிட்டு வருவாளே, பதினோரு வருஷமாகப் போகிறாள், நானும் ஒவ்வொரு வருஷமும் வாசலில் நின்று கேலி செய்வேன். "மூச்சு விடறதுக்கு அஞ்சு நாளு பாடமா? நான் யாரும் சொல்லித் தராமலே பொறந்ததுலேருந்து விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரிக்ஷாவில் ஏறிவிடுவாள். இந்த வருஷம் மார்ச் மாதமே பையை எடுத்து வைத்துக்கொண்டு தினமும் வாசலுக்குப் போக ஆரம்பித்தாள். உப்பு டப்பா எங்கே என்று தெரியவில்லை, உன்னைத் தெரியவில்லை, பல நேரம் என்னையே தெரியவில்லை, மடம் மட்டும் நினைவிருக்கிறது! மடத்தில் போய்க் கேட்டேன். அங்கே பெண்களைப் பார்த்துக்கொள்கிற பிக்குணி, ரோஜா நிற அங்கி போட்ட குள்ளமான அம்மாள், "அவங்க வரட்டும், ஆனா வீட்டு ஆள் ஒருத்தரு கூட வரணும், வர்ற ஆளு சும்மா உக்காந்து சுருட்டுப் பிடிக்க முடியாது, அவரும் சேர்ந்துதான் உக்காரணும்" என்றாள். அப்படித்தான் உன் அப்பன் காப்பிக் கலர் லுங்கி கட்டிக்கொண்டு, சுருட்டையும் போனையும் ஆபீசில் ஒப்படைத்துவிட்டு, பேசக்கூடாது என்கிற விரதத்தில் போய் மாட்டிக்கொண்டான்.

விடியற்காலை நாலு மணிக்கு மணி அடிப்பார்கள். ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், ஒரு மணி நேரம் மெதுவாக நடக்க வேண்டும், மறுபடியும் உட்கார வேண்டும். மத்தியானத்துக்குப் பிறகு சாப்பாடு கிடையாது, சாயங்காலம் ஒரு டம்ளர் புளித் தண்ணீரும் இரண்டு கட்டி பனைவெல்லமும். மதிலுக்கு வெளியே லாரிகளில் பாட்டு அலறுகிறது, பிள்ளைகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு கூச்சல் போடுகிறார்கள், உள்ளே எண்பது பேர் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறோம். பெரிய பிக்கு சொன்ன பாடம் ஒன்றே ஒன்றுதான். "மூச்சு உள்ள போறப்ப மூக்கு நுனியில எங்க தட்டுதுன்னு பாருங்க. வெளிய வர்றப்ப எங்க தட்டுதுன்னு பாருங்க. மனசு வேற எங்கயாவது போகும். போனாத் திட்டாதீங்க, போயிருக்குன்னு தெரிஞ்சதும் கூட்டிக்கிட்டு வாங்க, அவ்வளவுதான்" என்றார். இவ்வளவுதானா என்று நினைத்தேன். முதல் மூச்சுக்கே மனசு ஆற்றுக்குப் போய்விட்டது, இரண்டாவது மூச்சுக்குப் பின்கதவைப் பூட்டினேனா என்று வீட்டுக்குப் போய்விட்டது. காலோ பத்தே நிமிஷத்தில் என்னுடையதாக இல்லை. கண்ணைத் திறந்து பெண்கள் பக்கம் பார்த்தால் உன் அம்மா முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், முகத்தில் ஒரு கலக்கம் இல்லை. வீட்டில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை எதையோ தேடிக்கொண்டு எழுந்து நடக்கிறவள் அங்கே எதையும் தேடவில்லை.

தினமும் பெரிய பிக்குவிடம் போய் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கம். உன் அம்மா எப்போதோ சொன்னது நினைவு வந்தது, அதையே எடுத்து விட்டேன். "சாமி, நெத்தியில வெளிச்சம் தெரிஞ்சுது, உடம்பு பஞ்சு மாதிரி லேசாயிடுச்சு" என்றேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ரொம்ப சந்தோஷம். உள்ள போற மூச்சு குளிர்ச்சியா இருக்கா, வெளிய வர்ற மூச்சு குளிர்ச்சியா இருக்கா?" என்று கேட்டார். நான் மூக்கைத் தடவிப் பார்த்தேன். "வெளிச்சம் இருக்கட்டும், இதைப் பாத்துட்டு நாளைக்கு வந்து சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார். அந்த அவமானத்தில்தான் உண்மையாகப் பார்க்க ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் காலையில் தெரிந்தது. உள்ளே போவது குளிர்ச்சி, வெளியே வருவது இளஞ்சூடு. அறுபத்தெட்டு வருஷமாக என் மூக்கின் கீழேயே நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. சிரிக்காதே. அந்த ஒரு மூச்சின்போது ஆறும் இல்லை, பின்கதவும் இல்லை, உன்னைப் பற்றிய கவலைகூட இல்லை, அந்தக் காலைப் பொழுதும் நானும் மட்டும் இருந்தோம். அடுத்த மூச்சுக்கே எல்லாம் திரும்பி வந்துவிட்டது, அது வேறு விஷயம்.

இனி அந்த அசட்டுத்தனம். கடைசி நாள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்த புண்ணியத்தைப் பகிர்ந்து கொடுப்பார்களே, அதற்காக முந்தின நாள் சாயங்காலம் ஒரு நோட்டுப் புத்தகத்தை வரிசையாகக் கைமாற்றி விட்டார்கள். இடப்பக்கம் காலமானவர்கள், வலப்பக்கம் உடல்நலம் வேண்டி உயிரோடு இருப்பவர்கள். என் முறை வந்ததும் இடப்பக்கம் என் அப்பா பெயரை எழுதினேன், என் அம்மா பெயரை எழுதினேன், ஆற்றில் போன என் தம்பி பெயரை எழுதினேன், அடுத்த ஆளுக்கு நோட்டைக் கொடுத்தேன். அவ்வளவுதான் எழுதினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை மண்டபம் நிறைய ஆட்கள், உபயம் கொடுத்த குடும்பங்கள், அழைத்துப்போக வந்த பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். ஆபீஸ் குமாஸ்தா மைக்கைப் பிடித்துக் காலமானவர்கள் பெயரை ஊரோடு வாசிக்கிறார். என் அப்பா, என் அம்மா, என் தம்பி வந்தார்கள். அப்புறம் "காலஞ்சென்ற டோ மியா யீ, பியே, படகுத்துறைத் தெரு" என்றார். உன் அம்மா பெயர்! எழுதியது என் கை, எழுதினது எனக்கே தெரியாது. அவர் நிறுத்தாமல் இன்னும் பத்துப் பதினைந்து பெயர் வாசித்துவிட்டு, இவர்கள் எல்லோரும் எங்கே பிறந்திருந்தாலும் இந்தப் புண்ணியத்தைப் பெற்று நற்கதி அடையட்டும் என்றார். மண்டபமே "சாது, சாது, சாது" என்று சொல்லிப் புண்ணியத்தை ஏற்றுக்கொண்டது. அது அடங்கின அமைதியில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். "யாருய்யா அது எனக்குக் காரியம் பண்ணினது? உக்காந்து உக்காந்து செத்துப்போனது என் காலு மட்டும்தான், நான் இன்னும் சாகல!"

ஐந்து நாள் வாய் திறக்காமல் இருந்த எண்பது பேரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள். பிக்குணி அம்மாள் அங்கியால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். பெரிய பிக்கு மட்டும் சிரிக்காமல், "அம்மா, நீங்களும் சாது சொன்னீங்களா?" என்று கேட்டார். "சொன்னேனே சாமி, மூணு தடவையும் சொல்லிட்டேன், அப்புறம்தான் பேரு உறைச்சுது" என்றாள். "அப்படின்னா நல்லது. அப்புறமா வர வேண்டியது இப்பவே வந்து சேந்துடுச்சு, பத்திரமா வச்சுக்குங்க" என்றார், அதற்குப் பிறகு அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. நான் ஒருவன்தான் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். பையை எடுத்துக்கொண்டு விடைபெறப் போனபோது அவர் என்னைத் தனியாக நிறுத்தி, "எந்தப் பக்கம்னு பாத்து எழுதினீங்களா, பாக்காம எழுதினீங்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். "அஞ்சு நாளா மூச்சைப் பாக்கக் கத்துக்கிட்டீங்க. வீட்டுக்குப் போய் அவங்களைப் பாருங்க" என்றார். நீ சனவரியில் எழுதி அனுப்பினதையும் ஏப்ரலில் என் கை எழுதினதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன் மகளே. இரண்டும் ஒன்றுதான். அப்பனும் மகளும் சேர்ந்து, உயிரோடு இருக்கிறவளுக்குத் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

உன் அம்மா எதை மறந்தாலும் இதை மட்டும் இரண்டு வாரம் மறக்கவில்லை. தயிர்க்காரி வந்தாலும் சரி, தபால்காரர் வந்தாலும் சரி, "எங்க வீட்டுக்காரரு எனக்குக் காரியம் பண்ணிட்டாரு தெரியுமா, நானே சாது சொன்னேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தெருவில் நான் தலைகாட்ட முடியவில்லை. இப்போது அதுவும் போய்விட்டது. போனதில் எனக்கு வருத்தம்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் செய்வது பெரிய தியானம் ஒன்றும் இல்லை. காலையில் அவளோடு அரை மணி நேரம் உட்காருகிறேன், அவள் உட்காருகிறாள், நான் நெளிகிறேன். அதற்கு மேல் ஒரே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். அவள் எது கேட்டாலும் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சை முழுசாகப் பார்ப்பது, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும். அவள் அதிகம் கேட்பது என்னைப் பற்றித்தான். என்னைப் படகுத்துறை ஆள் என்று நினைத்துக்கொண்டு, "ஏங்க படகுக்காரரே, மின்லாவுலேருந்து வர்ற கப்பல் வந்துடுச்சா? அதுலதான் எங்க வீட்டுக்காரரு வருவாரு" என்பாள். முன்பெல்லாம் "நான்தான்டி உன் வீட்டுக்காரன், நான் வேலையை விட்டு எட்டு வருஷம் ஆச்சு!" என்று கத்துவேன். அவள் மிரண்டுபோய் அடுக்களைக்குள் போய் நின்றுகொள்வாள். நானும் அவளைச் சரிப்படுத்திவிட்ட மாதிரி நினைத்துக்கொள்வேன். முப்பத்திரண்டு வருஷம் ஐராவதியில் சுக்கான் பிடித்தவன் நான். முன்னால் நிற்கிறவன் மூங்கில் கழியால் குத்திக் குத்தி ஆழம் சொல்லிக்கொண்டே வருவான், நேற்றுப் போன வழியில் இன்றைக்கு மணல் திட்டு இருக்கும் என்பதால். நேற்றைய ஆற்றை நம்பிக் கப்பல் ஓட்டினவன் எவனும் கரை சேர்ந்ததில்லை. ஆற்றிடம் காட்டின அந்தக் கவனத்தைப் பெண்டாட்டியிடம் காட்டவில்லை. போன வருஷத்து மியா யீயைத் தேடிக்கொண்டு, எதிரில் நிற்கிற மியா யீயிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

மடத்திலிருந்து வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அதையே கேட்டாள். ஒரு மூச்சு பார்த்தேன். கோபம் மூச்சுக்குள் இருந்தது, அடுத்த மூச்சில் கொஞ்சம் குறைந்தது. "இன்னும் வரலைம்மா. வந்தா என்ன சொல்லணும்?" என்று கேட்டேன். ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "என்னத்தைச் சொல்றது? அவரு கேட்டாத்தானே. நல்ல மனுஷன்தான், குடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு. ஆனா வீட்டுக்கு வந்தாலும் ஆத்துலயேதான் இருப்பாரு. சோறு போட்டாச் சோத்தைப் பாக்க மாட்டாரு, தண்ணி ஏறுதா இறங்குதான்னு சன்னலைப் பாத்துக்கிட்டிருப்பாரு. புள்ளைக்கு முதல் பல்லு முளைச்சிருக்குன்னு சொன்னேன், அப்படியான்னாரு. ஆறு மாசம் கழிச்சு, ஏய் இங்க பாரு இதுக்குப் பல்லு முளைச்சிருக்குன்னு ஊரைக் கூட்டுறாரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம், "குறை சொல்லல. கொஞ்சம் பக்கத்துல உக்காந்தாப் போதும், வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். முப்பத்தெட்டு வருஷம் என்னிடம் சொல்லாததைப் படகுக்காரனிடம் சொல்லிவிட்டாள். நான் கூடையை வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். அவளும் வந்து உட்கார்ந்தாள். "நீங்க உக்காருங்க, அவரு வந்தாலும் தப்பா நினைக்க மாட்டாரு" என்று எனக்குத் தைரியம் வேறு சொன்னாள். நான் அழுதேன் மகளே. அப்பா அழுது நீ பார்த்ததில்லை, இப்போதும் பார்க்க வேண்டாம், தெரிந்து வைத்துக்கொள் போதும். அவள் தான் கட்டியிருந்த லுங்கியின் முனையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, வெயில் கண்ணில் பட்டிருக்கும் என்றாள்.

நான் ஏதோ முனிவனாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. போன செவ்வாய்க்கிழமை துவைத்த சட்டைகளை அரிசிப் பானைக்குள் மடித்து வைத்திருந்தாள், மூச்சு பார்க்க மறந்துபோய்க் கத்திவிட்டேன், பக்கத்து வீட்டில் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். அப்புறம் மன்னிப்புக் கேட்டேன், எதற்கு மன்னிப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை, பரவாயில்லை என்றாள். பத்தில் நாலு தடவை தவறுகிறது. முன்பு பத்துக்குப் பத்தும் தவறிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் போன வாரம் காட்டினேன். இனிமேல் பேச்சும் குறையலாம், எப்போது என்று சொல்ல முடியாது, ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு வருஷமும் ஆகலாம் என்றார். இப்போது பேசுகிறாள், சிரிக்கிறாள், கேலி செய்கிறாள், உன் கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்கிறாள். இதை உனக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், அப்பா புத்தி சொல்கிறான் என்று முகத்தைச் சுளிக்காதே. கூப்பிடுவதற்கு முன்னால் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் உட்கார். மூக்கு நுனியில் குளிர்ச்சி வந்து தட்டுவதைப் பார், சூடு வெளியே போவதைப் பார். அழுகை வந்தால் அழுகை வந்திருக்கிறது என்று தெரிந்துகொள், அதை விரட்ட வேண்டாம், அதோடேயே கூப்பிடு. அவளிடம் நான் யாரு என்று மட்டும் கேட்காதே. வாத்தியார் கேள்வி கேட்கிற மாதிரி அவளுக்கு ஆகிவிடுகிறது, விடை தெரியாத பிள்ளை மாதிரி மிரள்கிறாள். உன் வேலையிடத்தில் நீ யாரையும் அப்படிக் கேட்பதில்லை என்று நீயே ஒரு தடவை சொன்னாய். ஒரு ஜப்பான் அம்மாள் தினமும் உன்னை மறந்துவிடுவாள், நீ தினமும் காலையில் போய்க் குனிந்து பெயரைச் சொல்லி, இன்றைக்கு நான்தான் உங்களுக்குத் தலை வாரப் போகிறேன் என்பாய், அவளும் தினமும் புதிதாக சந்தோஷப்படுவாள் என்று சொன்னாயே. ஊரான் வீட்டு அம்மாளுக்குத் தினமும் கொடுக்கிற அந்த ஒரு நிமிஷத்தை வாரம் ஒரு தடவை உன் அம்மாவுக்கும் கொடு. அவளுக்கு நீ யார் என்று தெரியாமல் போகட்டும். உனக்கு அவள் யார் என்று தெரியுமே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து மாங்காய் சீவிக்கொண்டிருக்கிறாள், கன்னத்தில் இரண்டு பக்கமும் தனக்காப் பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டு, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாள். "யாருக்குங்க இவ்வளவு நீளமா எழுதுறீங்க?" என்று இப்போதுதான் கேட்டாள். யமினுக்கு என்றேன். யாரது என்றாள். ஒரு மூச்சு பார்த்தேன், உண்மையைச் சொன்னால் மூன்று மூச்சு. "நம்ம பொண்ணு. ஜப்பான்ல இருக்கா. அங்க வயசானவங்களைக் குளிப்பாட்டி, தலை வாரி, சோறு ஊட்டுற வேலை" என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். நமக்குப் பெண் இருக்கிறாளா என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்து மனசைத் திடப்படுத்திக்கொண்டேன். அவள் அதைக் கேட்கவில்லை. "எல்லாருக்கும் அந்தப் பொண்ணுதான் ஊட்டுதா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப அதுக்கு யாரு ஊட்டுறா? பாவம், யாரு பெத்த புள்ளையோ. சாப்பிட்டியான்னு நான் கேட்டேன்னு எழுதுங்க" என்றாள். எழுதுகிறேனா என்று எட்டிப் பார்த்துவிட்டு, எழுதி முடிக்கிற வரைக்கும் கத்தியை எடுக்கவில்லை.

தண்ணீராலும் நெருப்பாலும் கெட்ட மனிதர்களாலும் உனக்கு ஒரு தீங்கும் வராமல், உடம்பிலும் மனசிலும் பாரம் இல்லாமல், போகிற இடமெல்லாம் நல்லவர்கள் துணை கிடைத்து நீ நீடூழி வாழ வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். காலையில் குளித்துவிட்டு வந்து ஒன்பது மணிக்கு அவள் மிகவும் தெளிவாக இருப்பாள், உனக்கு அப்போது பதினொன்றரை மணி இருக்கும். சாப்பிட்டாயா இல்லையா என்று எனக்கு எழுதாதே. கேட்டவளிடம் சொல்.

உன் அப்பா,
பா லைங்